அரங்கும் அவையும் காமிராவும்



ஆடுகிறவரைப் பற்றியும் நடிக்கிறவரைப் பற்றியும் எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறார்கள். எதிரே அமர்ந்து பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். இவ்விரு சாராருக்கும் நடுவே, யாருடைய கண்ணிலும் உறுத்தாதபடி குனிந்தும் நகர்ந்தும், ஒரு கருவியைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே ஒரு மூன்றாம் மனிதர், அவரைப் பற்றி இத்தகைய அவைகளில் பேச்சு எழுவது மிக அபூர்வம். நிகழ்ச்சிகளைப் புகைப்படமாக எடுக்கும் அந்த மூன்றாம் மனிதரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவரும் அந்நிகழ்ச்சியில் ஒரு பாத்திரந்தான் என்பதும், அவர் செய்யும் ஒரு சிறு தீர்மானத்தினால் ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் உள்ள சம்பந்தமே பிற்காலத்தாருக்கு வேறாகத் தோன்றிவிடக்கூடும் என்பதும், பார்க்கிறவர்களை விலக்கிவிட்டு எடுக்கப்படும் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது ஆட்டக்காரரின் படமாகுமே தவிர ஆட்டத்தின் படமாகாது என்பதுமே நான் சொல்ல வந்த விஷயம்.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில், ஒரு நாடகம் சித்தி பெற்றது என்பதை எவ்வாறு அறிவது என்று விளக்கும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அங்கே முனிவர் முதலில் கவனிப்பது மேடையை அன்று, அவையைத்தான். பார்க்கிறவர்கள் புன்னகை செய்தார்களா, வாய்விட்டுச் சிரித்தார்களா, ஆகா என்றார்களா, அடடா என்று இரங்கினார்களா, மயிர்க்கூச்செறிந்து ஆசனத்தை விட்டு எழுந்தார்களா, மேலாடையையும் மோதிரத்தையும் கழற்றி மேடைமேல் எறிந்தார்களா என்றெல்லாம் அவர் கணக்கெடுக்கிறார். நடிகனின் வெற்றி நடிகனின் உடம்பில் இல்லை, பார்க்கிறவனின் உடம்பிலேயே நிகழ்கிறது என்ற இந்தக் கொள்கையை ஒப்புக்கொண்டால், வெறும் நடிகனை மட்டும் காட்டும் படம் எதைக் காட்டத் தவறியது என்பது விளங்கும். அவன் எய்த அம்பு தெரிகிறது. அது தைத்த இடம் தெரியவில்லை.

இப்படி ஆட்டக்காரரைத் தனியே பிரித்தெடுத்துப் படம் பிடிக்கும் பழக்கம் யாருடைய துர்ப்புத்தியினாலும் வந்ததன்று. கருவியின் இயலாமையினால் வந்தது. 1839-ஆம் வருஷம் பாரிஸில் டாகெர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவதற்கு நல்ல வெயிலிலேயே நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. 1851-க்குப் பிறகு ஈரமான கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் வந்து அந்த நேரம் சில வினாடிகளாகக் குறைந்ததென்றாலும், வாயு விளக்கின் மங்கிய ஒளியில் நடக்கும் நாடகத்தை, அதுவும் நடிகர்கள் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது எடுப்பதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாகவே இருந்தது. ஆகவே நாடகசாலைக்குப் போகமுடியாத காமிராவிடம் நடிகர்களே வேஷத்தோடு வந்தார்கள். கண்ணாடிக் கூரை வேய்ந்த ஸ்டூடியோவில், ஒரு திரைச் சீலைக்கு முன்னால், கூட்டமுமின்றி இசையுமின்றி, மேடையில் தாம் நின்ற நிலையொன்றை ஞாபகப்படுத்திக்கொண்டு அசையாமல் நின்றார்கள். காமிரா ஒன்றே அவர்களுக்கு அவை.

அந்தக் காலத்துப் படங்களில் ஒன்று மட்டும் இந்த விஷயத்தை நன்கு உணர்ந்து எடுக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாரிஸ் நகரத்து ஊமைக்கூத்தில் பியரோ என்றொரு கோமாளிப் பாத்திரம் உண்டு; முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, தொளதொளவென்ற வெள்ளை அங்கி, வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாத நடிப்பு. அந்த வேஷத்தில் தம் தந்தையின் கீர்த்தியைத் தொடர்ந்து விளங்கிய ஷார்ல் தெபுரோ என்னும் நடிகரை, நதார் என்று உலகம் அறிந்த கலைஞரும் அவர் தம்பி அத்ரியன் தூர்னஷோனும் சேர்ந்து 1854, 1855-ஆம் வருஷங்களில் வரிசையாகப் படம் பிடித்தார்கள். 1855-ல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அப்படங்கள் வைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றன. அவற்றுள் ஒன்றில் பியரோவின் பக்கத்தில் முக்காலியின்மேல் ஒரு காமிரா நிற்கிறது. அவன் ஒரு கை காமிராவின் பின்னாலுள்ள தகட்டுச் சட்டத்தில் இருக்கிறது, மற்றொரு கை லென்ஸைச் சுட்டிக் காட்டுகிறது. அந்த லென்ஸ் நேரே நம்மை நோக்கியிருக்கிறது. பார்க்கப்படுகிறவன், பார்க்கிற நம்மைப் படம் பிடிப்பதாக அபிநயிக்கிறான்! அவை இல்லாத அந்த அறையில், படத்தை என்றைக்கோ ஒருநாள் கையிலெடுத்துப் பார்க்கப்போகிற மனிதனையே அவையாகப் பாவித்து, அவனையும் ஆட்டத்திற்குள் இழுத்துவிடுகிறான். கருவியின் குறையையே குணமாக மாற்றிய அந்தச் சாதுரியத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பின்னர்க் கருவிகள் வளர்ந்தன. 1887-ல் ஜெர்மனியில், பற்றவைத்தால் பளிச்சென்று ஒளி தரும் பொடி வந்தது. 1920-களில் கையடக்கமான காமிராக்களும் மங்கலான வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் பெரிய லென்ஸ்களும் வந்தன. நாடகசாலையின் கதவு புகைப்படக்காரருக்குத் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே போன பிறகும் அவர் ஸ்டூடியோவில் கற்ற பழக்கத்தை விடவில்லை. விளக்கு எங்கே விழுகிறதோ அங்கேயே தம் கண்ணையும் வைத்தார். கருவியின் நிர்ப்பந்தம் நீங்கிய பின்னும் அந்தப் பழக்கம் நீடித்ததற்குக் காரணம், பார்க்கிறவர்கள் படத்தில் விழுந்தால் படத்தின் அழகு கெடும் என்ற ஒரு நம்பிக்கையே. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

1960-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோந்தனே-ஓ-ரோஸ் என்னும் ஊரின் அமைதியான தெரு ஒன்றில், ஈவ் க்ளைன் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் ஒரு கட்டடத்தின் மேல்விளிம்பிலிருந்து வெட்டவெளியில் பாய்ந்தார். இரண்டு கைகளையும் விரித்து, மார்பை நிமிர்த்தி, பறவையைப் போல் அவர் ஆகாயத்தில் நிற்கும் படத்தைக் கலை பயில்கிற எவரும் பார்த்திருப்பார்கள். கீழே கல் பாவிய வெறுந்தெரு. தூரத்தில் ஒரு மனிதன் சைக்கிளில் ஏறித் தன் பாட்டுக்குப் போகிறான். விழப்போகிற உடம்பைத் தாங்குவதற்கு ஒருவருமில்லை. அந்த நவம்பர் 27-ஆம் தேதி க்ளைனே தினசரிப் பத்திரிகை போல ஒரு தாளை அச்சிட்டு, அதில் இப்படத்தை வெளியிட்டார். உண்மை என்னவென்றால், படத்தை எடுத்த ஹாரி ஷுங்க், யானோஷ் கெண்டர் என்ற இருவரும் இரண்டு நெகட்டிவ்களை ஒட்டி அந்தப் படத்தை ஆக்கியிருந்தார்கள். க்ளைன் மெய்யாகவே பாய்ந்தார், அதில் ஐயமில்லை. ஆனால் கீழே அவருடைய நண்பர்கள் ஒரு தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆளில்லாத தெருவைத் தனியே ஒரு படம் எடுத்து, தார்ப்பாயும் நண்பர்களும் இருந்த பாகத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வெறுந்தெருவைச் சேர்த்துவிட்டார்கள்.

இதைப் பொய் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. கலைக்குரிய கற்பனை என்று சொல்லிப் போற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. நான் எண்ணிப் பார்ப்பது, நீக்கப்பட்ட அந்த மனிதர்களைப் பற்றித்தான். அவர்கள் வேலையாட்கள் மட்டுமல்லர்; அன்று அந்தப் பாய்ச்சலை நேரில் கண்ட முதல் அவையும் அவர்களே. தலையை அண்ணாந்து, கைகளால் தார்ப்பாயின் விளிம்பை இறுகப் பற்றி, இவர் எந்தப் பக்கம் விழுவாரோ என்று அங்குமிங்கும் கால் மாற்றி நின்ற அந்த மனிதர்களைக் காட்டிலும் ஆழ்ந்த கவனத்தோடு ஒரு கலைஞனைப் பார்த்த ரசிகர்கள் உலகத்தில் இருப்பார்களா? அவர்களுடைய பார்வையில் ஒரு கணம் தளர்ச்சி ஏற்பட்டிருந்தால் கலைஞரின் எலும்பு முறிந்திருக்கும். ஆட்டக்காரரின் உயிரை அவை தன் கைகளில் ஏந்தியிருந்த அந்தக் காட்சி, ஒருவன் தனியே ஆகாயத்தில் பறந்தான் என்ற காட்சியைவிட மேலானதென்றே நான் கருதுகிறேன். நல்லவேளையாக மூல நெகட்டிவ்கள் அழிந்துபோகவில்லை. தார்ப்பாயோடும் நண்பர்களோடும் கூடிய அந்தப் படத்தை இன்று நாம் பார்க்க முடிகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று கலை மாணவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

அவையின் கைகளில் உயிர் இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொல்லாகச் சொல்லாமல் செயலாகவே செய்து காட்டியவர்கள் இரண்டு பெண்கள். ஜப்பானில் பிறந்த யோகோ ஓனோ 1964-ஆம் வருஷம் ஜூலை மாதம் கியோத்தோ நகரத்து மண்டபம் ஒன்றில், தம்மிடமிருந்த நல்ல உடையை உடுத்துக்கொண்டு மேடையில் மண்டியிட்டு அமர்ந்து, முன்னால் ஒரு கத்தரிக்கோலை வைத்தார். அவையிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்து அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போகலாம் என்பதே அந்நிகழ்ச்சி. அடுத்த வருஷம் மார்ச்சு மாதம் நியூயார்க்கில் கார்னகி சிற்றரங்கில் அதை அவர் செய்தபோது எடுக்கப்பட்ட படங்களும், மேசல்ஸ் சகோதரர்கள் எடுத்த சலனப் படமும் நிலைத்திருக்கின்றன. முதலில் வந்தவர்கள் கூச்சத்தோடு ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிக்கொண்டு விரைவாய் இறங்கிவிடுகிறார்கள். பிறகு ஓர் இளைஞன் வருகிறான், அவன் அவசரப்படவில்லை, மேலாடையை வெட்டி, உள்ளாடையின் தோள்பட்டைகளையும் வெட்டுகிறான், அவர் இரண்டு கைகளாலும் மார்பை மறைத்துக்கொள்ளுகிறார். அந்தப் படங்களில் ஓனோவின் முகத்தைவிடக் கத்தரிக்கோல் பிடித்த கையையே என் கண் தேடுகிறது. இன்னும் எவ்வளவு செய்யலாம் என்று தன்னையே அளந்து பார்க்கிறவனுடைய கை அது.

பத்து வருஷம் கழித்து, 1974-ல், இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில், யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த மரீனா அப்ரமோவிச் இதையே இன்னும் கடுமையாகச் செய்தார். ஒரு மேசையின்மேல் 72 பொருள்கள். ரோஜாப்பூ, தேன், இறகு, கத்தரிக்கோல், சங்கிலி, கத்தி, ஒரு துப்பாக்கியும் ஒரு தோட்டாவும். ஆறு மணி நேரம் அவர் ஒன்றும் செய்யாமல் நிற்பார். வந்தவர்கள் எந்தப் பொருளையும் எடுத்து அவர்மேல் எப்படியும் பிரயோகிக்கலாம். உடை கிழிக்கப்பட்டதும், தோல் கீறப்பட்டதும், துப்பாக்கி அவர்மேல் நீட்டப்பட்டதும், நேரம் முடிந்து அவர் அசைந்து தம்மை நோக்கி நடக்கத் தொடங்கியவுடன் கூட்டம் அவரை ஏறிட்டுப் பார்க்கத் திராணியின்றிக் கலைந்துபோனதும் பலரும் அறிந்த கதை. அவ்வளவாக எடுத்துப் பேசப்படாத ஒன்றைச் சொல்லுகிறேன். அந்த 72 பொருள்களில் ஒன்று, எடுத்த படத்தை உடனே வெளியே தள்ளும் போலராய்டு காமிரா. கத்தியையும் சங்கிலியையும் போல அதுவும் அவைக்கு வழங்கப்பட்ட ஓர் ஆயுதம். அதில் எடுத்த படங்கள் அவர் கையிலேயே திணிக்கப்பட்டு, அவற்றை ஏந்தி அவர் நிற்கும் காட்சியும் பதிவாகியிருக்கிறது. படம் பிடிப்பதும் ஒருவர்மேல் செய்யும் ஒரு காரியமே என்பதை, காமிராவைத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்த அந்த மேசையைவிடத் தெளிவாகச் சொன்னது வேறில்லை.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, என் மனத்தைப் பல காலமாகக் கவர்ந்து நிற்பது ஜப்பானின் ஒரு கிராமத்தில் நடந்த காரியம். அதைச் சற்று நின்று பார்ப்போம்.

எய்கோ ஹோசோயே என்ற புகைப்படக் கலைஞர் 1933-ல் பிறந்தவர், 2024-ல் காலமானார். யுத்த காலத்தில் டோக்கியோவின்மேல் குண்டு விழும் என்று அஞ்சிப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அவரும் ஜப்பானின் வடகிழக்குப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பிரதேசத்தில் காமாயிட்டாச்சி என்றொரு பேயைப் பற்றிச் சொல்லுவார்கள். கீரியைப் போன்ற உருவும் அரிவாளைப் போன்ற நகமும் உள்ள அது சுழற்காற்றோடு வரும், கண்ணுக்குத் தெரியாது, வயலில் தனியே போகிறவனின் காலில் திடீரென்று தோல் பிளந்திருக்கும். பட்டணத்திலிருந்து வந்த சிறுவனின் மனத்தில், யுத்தமும் பசியும் தனிமையும் எல்லாம் சேர்ந்து அந்தப் பேயின் உருவம் பெற்றுவிட்டன.

1959-ஆம் வருஷம் மே மாதத்தில் டோக்கியோவில் நடந்த ஒரு நாட்டிய நிகழ்ச்சியில் தட்சுமி ஹிஜிகாடா என்ற இளைஞர் ஆடிய ஆட்டத்தை ஹோசோயே பார்த்தார். ஏறக்குறைய இருளிலேயே நடந்த அந்த ஆட்டம் அவையை மிகவும் கலவரப்படுத்தியது. அதன் காரணமாக ஹிஜிகாடா தாம் சேர்ந்திருந்த நாட்டியச் சங்கத்தை விட்டே விலகும்படி ஆயிற்று. பின்னாளில் புத்தோ என்று உலகமெங்கும் பரவிய இருளின் ஆட்டத்திற்கு அன்றைய இரவே பிறப்பு. ஆட்டம் முடிந்ததும் ஹோசோயே ஒப்பனை அறைக்குச் சென்று அவரைச் சந்தித்தார். ஹிஜிகாடாவும் அதே வடகிழக்கில், அகித்தா மாநிலத்தில் பிறந்து, கிராமத்தின் குளிரையும் வறுமையையும் தம் உடம்பில் சுமந்துகொண்டு பட்டணத்துக்கு வந்தவர். ஒருவர் காமிராவோடும் மற்றவர் உடம்போடும் ஒரே நிலத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1965-ஆம் வருஷம் இலையுதிர் காலத் தொடக்கத்தில், அறுவடைச் சமயம், இருவரும் அகித்தாவிலுள்ள தஷிரோ என்ற சிறு கிராமத்துக்குப் போனார்கள். மேடையில்லை, திரையில்லை, விளம்பரமில்லை, நுழைவுச் சீட்டில்லை. அங்கே இருந்த உழவர்களுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த மனிதர் யார் என்றே தெரியாது. வந்தவர் திடீரென்று ஒரு மெல்லிய அங்கியைச் சுற்றிக்கொண்டு வயல் வழியே ஓடத் தொடங்கினார். தாம் ஓர் ஆட்டத்துக்கு அவையாக ஆகிவிட்டோம் என்பதை அந்த ஊரார் அறிந்துகொள்ளுமுன்பே ஆட்டம் பாதி நடந்துவிட்டது. சில தினங்களே அங்கே இருந்தார்கள்; பின்னும் சில படங்களை டோக்கியோவில் எடுத்துச் சேர்த்தார்கள். ஆனால் இந்தப் படத் தொகுதியின் உயிர் அந்தக் கிராமத்தில் எடுத்த படங்களில்தான் இருக்கிறது.

ஒரு படத்தில், நெற்கதிர்களைக் காயவைக்க நட்டிருக்கும் உயரமான மரக்கழிச் சட்டத்தின் உச்சியில், மேகங்கள் கறுத்துத் திரண்ட வானத்தின் கீழே, ஹிஜிகாடா காகத்தைப் போல் குந்தியிருக்கிறார். அங்கே வேறு மனித உருவம் இல்லை. அது பேயின் தனிமை. மற்றொரு படத்தில் ஒரு கைக்குழந்தையை அள்ளிக்கொண்டு வயலின் குறுக்கே ஓடுகிறார். அங்கி காற்றில் பறக்கிறது. அச்சிடும்போது இருட்டாக்கப்பட்ட வானம் மேலே கவிந்து நிற்கிறது. இவ்விரண்டையுமே பலர் எடுத்துப் பேசுகிறார்கள். புத்தகங்களின் அட்டைகளிலும் இவையே வருகின்றன. எனக்கோ வேறு இரண்டு படங்கள் இவற்றைவிட உயர்வாகத் தோன்றுகின்றன.

ஒன்றில் ஹிஜிகாடா தரையை விட்டு மேலெழும்பித் துள்ளுகிறார். கிராமத்துக் குழந்தைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். துள்ளுகிற உடம்பு எவ்வளவு அருமையானதோ அவ்வளவு அருமையானவை அந்தக் குழந்தைகளின் முகங்கள். ஏனென்றால் ஒரு முகத்தைப்போல் மற்றொரு முகம் இல்லை. ஒரே ஆட்டம் ஒவ்வோர் உள்ளத்திலும் வெவ்வேறு ஆட்டமாக இறங்குகிறது என்ற உண்மை, எத்தனையோ சாஸ்திரங்கள் விரித்துரைத்த உண்மை, அங்கே கண்ணுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. மற்றொன்றில் அவர் கிராமத்துப் பெண்களுக்கும் உழவர்களுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார்; அவர்கள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஏளனமன்று. பயமும் வெட்கமும் வேடிக்கையும் கலந்து, வயல் வேலையின் அலுப்பு ஒரு கணம் அகன்ற சிரிப்பு. பேயாக வந்தவரை அவர்கள் சிரித்தே தம்மவராக்கிக்கொண்டார்கள். இன்னும் ஒரு படத்தில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் பார்க்கிறவர் ஆடுகிறவராகவும், ஆடுகிறவர் அவர்களால் சுமக்கப்படும் உற்சவ மூர்த்தியைப் போன்றவராகவும் மாறிவிட்டார்கள்.

இங்கே புகைப்படக்காரர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். ஷுங்கும் கெண்டரும் அவையை நீக்கிய இடத்தில், ஹோசோயே அவையை உள்ளே அழைத்தார். அதுமட்டுமன்று; அவர் வெறும் சாட்சியாகவும் நிற்கவில்லை. அந்தப் படங்களை அவர் தம் பால்ய ஞாபகத்தின் பதிவாகவே கருதினார். வயலில் ஓடுகிற பேய் அவர் சிறு வயதில் பயந்த பேய். எடுத்தவரும் ஆடியவரும் கூடித்தான் அதை வரவழைத்தார்கள். காமிரா இல்லாவிட்டால் ஹிஜிகாடா அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கவே மாட்டார். ஹிஜிகாடா இல்லாவிட்டால் காமிராவுக்கு அங்கே எடுப்பதற்கு ஞாபகங்களைத் தவிர வேறொன்றும் இருந்திராது. கிராமத்தாரோ இவ்விருவரும் எதிர்பாராத மூன்றாவது ஒன்றைத் தந்தார்கள். மூவரும் ஒருவரையொருவர் ஆட்டுவித்த இப்படிப்பட்ட நிகழ்ச்சி புகைப்பட சரித்திரத்தில் மிக அரிது.

இப்படங்கள் 1968-ல் டோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1969-ல் புத்தகமாக வெளிவந்தன. அடுத்த வருஷம் ஜப்பானியக் கல்வி அமைச்சின் கலைப் பரிசும் ஹோசோயேவுக்குக் கிடைத்தது. இக்கோ தனாக்கா வடிவமைத்த அந்தப் புத்தகத்தில் படங்கள் மடித்த தாள்களுக்குள்ளே இருக்கும். வாசகர் தம் இரு கைகளாலும் தாளை விரித்தாலன்றிப் படம் தெரியாது. பார்ப்பதற்கு ஒரு சிறு முயற்சி வேண்டும் என்று வைத்ததால், புத்தகத்தைக் கையிலெடுத்தவரும் சும்மா இருக்கும் பார்வையாளராக இருக்க முடியாமற்போயிற்று. கடைசியாக, 2016-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அதே தஷிரோவில், பழைய வீடொன்றில், இப்படங்களுக்கென்றே ஒரு சிறு கலைக்கூடம் திறக்கப்பட்டது. அன்று வயலோரத்தில் நின்று சிரித்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று அந்தச் சிரிப்பைச் சுவரில் பார்க்கலாம். ஹிஜிகாடாவை மட்டும் எடுத்திருந்தால் அந்த ஊருக்கு இந்தப் படங்களில் என்ன பாத்தியதை இருந்திருக்கும்?

அவையின் பக்கம் காமிராவைத் திருப்பியதில் இதற்கு நேர்மாறான ஒரு கோடியும் உண்டு. முன்னே சொன்ன அதே அப்ரமோவிச், 2010-ஆம் வருஷம் மார்ச்சு 14 முதல் மே 31 வரை, நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலையில், திறந்திருந்த நேரமெல்லாம் ஒரு நாற்காலியில் மௌனமாக அமர்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து, வேண்டிய மட்டும் அமர்ந்து அவர் கண்களைப் பார்க்கலாம். சிலர் சில நிமிஷங்களில் எழுந்தார்கள், சிலர் பொழுது சாயும் வரை எழவில்லை, பலர் அழுதார்கள். மார்கோ அனெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் அத்தனை நாட்களும் உடனிருந்து, அமர்ந்தவர் முகங்களை, 1,500-க்கும் மேற்பட்ட முகங்களை, ஒன்றுவிடாமல் எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை நிமிஷம் அமர்ந்தார் என்பதையும் எழுதி வைத்தார். இங்கே ஆட்டக்காரர் படத்தில் இல்லவே இல்லை. அவை மட்டுமே இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை வெறும் முகங்கள்தாம் என்று குறை சொல்ல இடமுண்டு. முகத்தின் கீழே அந்த நிமிஷக் கணக்கு இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூன்று நிமிஷம் என்று எழுதியிருக்கும் முகத்தையும் பல மணி நேரம் என்று எழுதியிருக்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான், எதிரே இருந்தவர் அந்த முகத்துக்கு என்ன செய்தார் என்பதை நம் மனம் ஊகித்துக்கொள்ளத் தொடங்குகிறது. தேதியும் நேரமும் எழுதுவதை எளிய குமாஸ்தா வேலையென்று நினைக்கிற புகைப்படக்காரர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் காமிராவை அவையின் பக்கம் திருப்புவது ஒன்றே புண்ணியமாகிவிடாது. 1940-களில் நியூயார்க்கில் வீஜி என்ற பெயரால் புகழ்பெற்ற புகைப்படக்காரர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக்கொண்டு, சினிமாக் கொட்டகையின் இருளில் அமர்ந்திருந்தவர்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். முத்தமிடும் காதலர்கள், வாயைப் பிளந்து திரையைப் பார்க்கும் குழந்தைகள், நாற்காலியில் சுருண்டு உறங்குகிறவர்கள் என்று அவர் எடுத்த படங்கள் அபூர்வமானவை, அவற்றில் பரிவும் உண்டு. ஆயினும் இருட்டிலிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் தம்மை மறந்திருந்தவர்களிடமிருந்து அவர் அதைத் திருடினார் என்ற எண்ணம் எனக்கு நீங்கவில்லை. பார்க்க வந்தவர் பார்க்கப்படுவதற்காக வந்தவர் அல்லர். தஷிரோவில் சிரித்த பெண்களுக்குக் காமிரா எதிரே நிற்பது தெரியும்; கொட்டகையில் முத்தமிட்டவர்களுக்குத் தெரியாது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இன்று அவையிலிருக்கும் ஒவ்வொருவர் கையிலும் காமிரா வந்துவிட்டது. மூன்றாம் மனிதர் என்று நான் சொன்னவர் அவையிலேயே கரைந்துபோய்விட்டார். ஆனால் அத்தனை கைப்பேசிகளும் மேடையை நோக்கியே நீட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்து நாற்காலியில் கண்ணீர் வழிய அமர்ந்திருக்கும் ஒருவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயிரம் படம் எடுக்கப்படுகிற நிகழ்ச்சியிலும் அந்த அவை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சியம் மிஞ்சுவதில்லை.

ஆகையால் இந்த அவையிலிருக்கும் இளம் புகைப்படக்காரர்களிடம் சில வேண்டுகோள்கள். நம் சபாக்களிலும் கோயில் முற்றங்களிலும் கூத்துக் களங்களிலும் படமெடுக்கப் போகும்போது, ஆடுகிறவரிடம் அனுமதி கேட்பதுபோல அவையிடமும் கேளுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை அறிவித்தால் போதும். மேடைக்கு முன்னால் நிற்பதைப் போலவே மேடைக்குப் பக்கவாட்டிலும் நின்று, இரு சாராரும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி சில படங்களாவது எடுங்கள். படத்தின் பின்னால் ஊர், தேதி, நேரம், வந்திருந்தவர்கள் இன்னாரென்பது ஆகியவற்றை எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்வரிசைத் தலைகள் குறுக்கே விழுந்தன என்பதற்காகவோ, யாரோ ஒரு குழந்தை எழுந்து நின்று மறைத்தது என்பதற்காகவோ எந்தப் படத்தையும் அழித்துவிடாதீர்கள்.